பல்லி வழிமொழிந்த தீர்மானம்

அறுந்தது ஒரு பெல்ட். கறுப்பு ரப்பர் பெல்ட். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் மோட்டார் சாமான் விற்கிற எந்தக் கடையில் கேட்டாலும், கடைக்காரர் போனில் பேசுவதை நிறுத்தாமலே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அதை வாங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஒரு தலைமைக் குழு இருந்தது. தலைமைக் குழு இருந்தால் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் நடந்தால் அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு வல்லுநர் வர வேண்டும். வல்லுநர் வந்த பிறகு பெல்ட்டை யார் கண்டுகொள்வார்கள்?

பாவாயி கண்டுகொண்டாள். அவளுக்கு வேறு வழியில்லை, தோள்பட்டை வலித்தது.

பனிமலை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களில் அவளும் ஒருத்தி. ஆசைப்பட்டு ஆனவள் இல்லை. கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அரியூர் நாட்டுப் பெண்கள் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த அன்று அவள் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண்கள் எல்லோரும் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வராதவள் எப்படிச் சொல்ல முடியும்? சாயங்காலம் அவள் மண்வெட்டியோடு வீடு திரும்பியபோது வாசலில் மாலையோடு நின்றார்கள்.

அறுந்த பெல்ட் சாமை மெஷினுடையது. சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் மெஷின். அது வந்த பிறகு பெண்கள் உலக்கையைக் கதவுக்கு அண்டக் கொடுக்கிற கட்டையாக்கிவிட்டிருந்தார்கள். கார்த்திகையில் பெல்ட் அறுந்ததும் அதே கட்டையைத் தூசி தட்டி எடுத்து மறுபடி குத்த ஆரம்பித்தார்கள். ஈரோட்டில் சிறுதானியக் கடை வைத்திருப்பவர், தை பிறப்பதற்குள் சாமையரிசி மூட்டைகள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். வராவிட்டால் வேறு மலைக்காரர்களிடம் வாங்கிக்கொள்வாராம், அப்புறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டாராம். உலக்கை போட்டுக் குத்தி ஒரு மூட்டை நிரப்புவதற்குள் கை கழன்று கீழே விழுந்துவிடும் போலிருந்தது.

"ஏனுங்க இயக்குநரம்மா," என்பாள் பக்கத்து வீட்டுக் கண்ணாயி, உலக்கையைக் கை மாற்றிக்கொண்டே. "அன்னைக்கு மாலை போட்டமே, அந்த மாலையவாச்சும் மிசினுக்கு மாட்டிப் பாக்கறதுங்களா?"

பெண்களே காசு போட்டு பெல்ட் வாங்கிவிடலாம்தான். ஆனால் மெஷினைக் கொடுத்தது ஊக்குவிப்பு மையம். உழவர்களை ஊக்குவிப்பதற்காகவே கீழ்நாட்டுச் சமவெளியில் ஏதோ ஓர் ஊரில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அமைப்பு அது. தலைமைக் குழுவின் தீர்மானம் இல்லாமல் ஒரு நட்டைத் தொட்டாலும் மெஷின் திரும்பப் பெறப்படும் என்று மெஷின் மேலேயே பெயிண்டால் எழுதியிருந்தார்கள். அதை எப்படி ஓட்டுவது என்று எங்கும் எழுதவில்லை.

முன்பெல்லாம் தலைமைக் குழுக் கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. மாதம் ஒரு தடவை, மிளகு மூட்டை அடுக்கிய குடோனில் கூடுவார்கள். தலைவர் அர்த்தனாரி ஆலத்தூர் நாட்டில் யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று விசாரிப்பார். ராசப்பன் தன் மருமகனைத் திட்டுவார். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த சுப்பையன் நாள் எப்படி என்று சொல்வார். மதியத்துக்கு மேல் கடைசி வளைவில் பஸ் ஹாரன் கேட்கும். உடனே எல்லோரும் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டே ஆக வேண்டியதை எல்லாம் முடிவு செய்து, நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். கார்த்திகைக் கூட்டத்தன்று பஸ் சீக்கிரம் வந்து தொலைத்தது. பெல்ட் விட்டுப்போயிற்று.

"என்ன ஓடியா போகுது? அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் சாமி," என்றார் அர்த்தனாரி, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.

அடுத்த கூட்டத்துக்குள் மையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மலை உழவர் நிறுவனங்களின் தலைமைக் குழுக் கூட்டங்கள் போதிய பலன் தரவில்லை என்று மையம் ஏழு கூட்டங்கள் போட்டுக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சரிசெய்யக் கூட்ட மேம்பாட்டு வல்லுநர் சதீஷ்குமாரை அனுப்பிவைத்தது.

சதீஷ்குமார் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைப் பார்த்தார், மீதியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே குடோனுக்குள் வந்தவர், முதல் காரியமாக நாற்காலிகளை எல்லாம் வெளியே போடச் சொன்னார்.

"உட்கார்ந்தா உடம்பு தூங்கும். உடம்பு தூங்கினா மூளை தூங்கும். நின்னுக்கிட்டே பேசுங்க. பத்தே நிமிஷத்துல கால் வலிக்கும். கால் வலிச்சா முடிவு தானா வரும். உலகம் பூரா நிரூபிச்ச முறை இது," என்றார்.

விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை சரிவில் ஒரு காலும் பாறையில் ஒரு காலுமாக நிற்கிறவர்கள் இவர்கள். ஒற்றைக் கால் ஏணியில் நின்று மிளகு பறிக்கிறவர்கள். சமதரையில் இரண்டு காலையும் ஊன்றி நிற்பது இவர்களுக்கு லீவு மாதிரி. அர்த்தனாரி சாவகாசமாக மாட்டில் தொடங்கினார். ராசப்பன் மருமகனின் தாத்தா காலத்துக்குப் போனார். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தது. சதீஷ்குமார் முதலில் காலை மாற்றினார், பிறகு ஷூவைக் கழற்றினார், பிறகு மூட்டை மேல் சாய்ந்தார், பிறகு மூட்டையோடு சேர்ந்து மெதுவாகத் தரைக்கு வந்து சேர்ந்தார்.

"சார் உக்காந்துட்டாருங்க," என்றார் ராசப்பன். "அப்ப கூட்டம் முடிஞ்சுதுங்களா?"

பாவாயி, "ஏனுங்க, அந்த பெல்ட்டு..." என்று வாயைத் திறந்தபோது சதீஷ்குமாரின் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதம் ஒரு கூட்டம் போதாது என்று சதீஷ்குமார் அதை வாரம் ஒன்றாக்கினார். அடுத்த வாரம் நாற்காலிகள் உள்ளே வந்தன. கூடவே பெரிய சார்ட் ஒன்றும் வந்தது. அதில் சதீஷ்குமார் ஒரு கட்டம் போட்டு, மேலே 'நிறுத்துமிடம்' என்று எழுதினார். கூட்டத்தின் பொருளில் இல்லாததை யாராவது பேசினால் அது இந்தக் கட்டத்துக்குள் நிறுத்திவைக்கப்படுமாம்.

"அந்த பெல்ட்டுங்க," என்றாள் பாவாயி.

"அருமை!" என்று சொல்லி, கட்டத்துக்குள் 'பெல்ட்' என்று அழகாக எழுதினார். "இனி இது எங்கயும் போகாது. பத்திரமா இருக்கும்."

"எப்பங்க எடுப்பீங்க?"

"எப்ப எடுக்கறதுன்னு முடிவு பண்ண ஒரு கூட்டம் போடுவோம்."

"அப்ப இன்னைக்குப் பேசற விசயம் என்னங்க?"

நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர் சுகுணா வாசித்தாள். அடிவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண் அவள். பதவியின் பெயர் நீளம், ஆனால் கணக்கு, கடிதம், டீ, பூட்டுச் சாவி எல்லாம் அவள் ஒருத்திதான். "சென்ற கூட்டத்தின் தரம் பற்றிய ஆய்வு. இந்தக் கூட்டத்தின் தரம் பற்றிய எதிர்பார்ப்பு. அடுத்த கூட்டத்தின் தரம் பற்றிய முன்னோட்டம். நன்றியுரை."

அன்று சாயங்காலம் கண்ணாயி கேட்டாள்: "என்னாச்சு?"

"நிறுத்தி வெச்சிருக்காங்க," என்றாள் பாவாயி.

"ஓடற மிசினத்தான் நிறுத்துவாங்க. நின்னு போன மிசின எதுக்கு நிறுத்தறாங்க?"

பாவாயி முந்தானையை இடுப்பில் செருகினாள். உலக்கையை எடுத்துக்கொண்டு போய் எதிரே நின்றாள்.

மூன்றாவது கூட்டத்தில்தான் அந்த டைமர் வந்தது. பச்சை நிறம், கைக்குள் அடங்குகிற அளவு. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அது சத்தம் கொடுக்கும், உடனே அவர் நிறுத்த வேண்டும். சதீஷ்குமார் இதை விளக்குவதற்கு முன்பே, மேஜை மேல் வைத்து ஓடவிட்டிருந்தார். அதுதான் அவர் செய்த ஒரே உருப்படியான தப்பு.

அர்த்தனாரி அப்போது, "மொளகு காயப் போடற தார்ப்பாய் பூராவும் ஓட்டை. புதுசா வாங்கோணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

'ட்ச்... ட்ச்... ட்ச்...'

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சுப்பையன் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு நடுவிரலை மடக்கி பெஞ்சில் மூன்று தரம் தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேசிய விஷயம் சத்தியம் என்று யாருக்குத்தான் தெரியாது?

"சொல்லிருச்சு," என்றார் சுப்பையன்.

"அப்பறம் என்ன, எழுது கண்ணு," என்றார் அர்த்தனாரி சுகுணாவிடம்.

தார்ப்பாய்த் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தார்ப்பாய் விஷயம் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. சதீஷ்குமாருக்குக் கண்கள் பளபளத்தன. ஆனாலும் நேர்மையான மனிதர், உண்மையைச் சொன்னார்.

"அது பல்லி இல்லீங்க. டைமர்."

"பேரு என்னவா வேணா இருக்கட்டுங்க," என்றார் சுப்பையன் பொறுமையாக. "நாம கேட்டமா? இல்ல. அதா சொல்லுச்சு. கேக்காமச் சொல்றதுதான் வாக்கு. மனுசன்தான் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறான்."

சதீஷ்குமார் எதிர்த்துப் பேச வாயெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தீர்மானத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. டைமர் சொல்லும்போது யார் வாயில் எந்தப் பேச்சு இருந்ததோ, அது தீர்மானம். டீயில் சர்க்கரை பற்றவில்லை என்பது ஏகமனதாக நிறைவேறியது. இந்த வருஷம் பனி அதிகம் என்பது நிறைவேறியது. பேச்சு இயல்பாக இருக்கட்டும் என்று சதீஷ்குமார் டைமரை எப்போது வேண்டுமானாலும் சத்தம் போடும்படி மாற்றிவைத்தார். அதன் பிறகு தீர்மானங்கள் வந்து விழுந்த வேகத்தில் சுகுணாவுக்குப் பேனா தீர்ந்துவிட்டது. ராசப்பனின் மருமகன் உருப்படாதவன் என்று தலைமைக் குழு தீர்மானித்து, முத்திரை போட்ட நகலும் ராசப்பனிடம் கொடுத்தது. மருமகன் மறுநாளே குடோனுக்கு வந்து, இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று கேட்டான். சுகுணா அவனை நிறுத்துமிடத்தில் எழுதிக்கொண்டாள்.

மணிக்கு எத்தனை தீர்மானம் என்று சதீஷ்குமார் கோடு போட்டு மையத்துக்கு அனுப்பினார். கோடு மலை ஏறுகிற பஸ் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அவர் இப்போதெல்லாம் டைமர் சொன்னால் அவரை அறியாமலே மேஜையில் மூன்று தரம் தட்டினார்.

பாவாயிக்கு வழி புரிந்துவிட்டது. அது சொல்லும் நேரத்தில் தன் வாயில் பெல்ட் இருக்க வேண்டும். அவ்வளவுதானே! செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவள் ஒரு மூச்சு விட்டாள்.

"சாமை மிசினுக்கு பெல்ட்டு வாங்கோணுங்க. பெல்ட்டு இல்லாம பொம்பளைக கையெல்லாம் காய்ச்சுப் போச்சுங்க. பெல்ட்டு வாங்கலீன்னா ஈரோட்டுக்காரரு போயிருவாருங்க. பெல்ட்டு..."

'ட்ச்... ட்ச்... ட்ச்...'

பாவாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடித்தேன் பார் என்று எல்லோரையும் பார்த்தாள். பெஞ்சைத் தட்டக் கையை ஓங்கிய சுப்பையன் ஓங்கியபடியே நின்றார். அன்றைக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்று சதீஷ்குமார் தன் மேஜையைத் தெற்குச் சுவர் ஓரமாக நகர்த்தியிருந்தார்.

"தெக்கால இருந்து சொல்லிருக்குது," என்றார் சுப்பையன் கவலையோடு. "அதும் செவ்வாக்கிழம. ஆகாதுங்க. வாங்கினா ஆளுக்கே ஆபத்து."

"எழுது கண்ணு," என்றார் அர்த்தனாரி. "பெல்ட்டு வாங்கப்படாது."

இவ்வளவு நாள் பெல்ட் வாங்க அனுமதி இல்லாமல் இருந்தது. இப்போது வாங்குவதற்குத் தடை வந்துவிட்டது. நான்கு கூட்டங்களில் ஏற்பட்ட முன்னேற்றம் அது. பாவாயிக்கு வந்த ஆத்திரத்தில் டைமரைத் தூக்கி ஜன்னல் வழியே கிழங்குக் காட்டில் எறிந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் வல்லுநருடைய பொருள், அதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருக்கும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கண்ணாயி இந்தத் தடவை சிரிக்கவில்லை. உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "இத பாரு பாவாயி. மார்கழி பாதி போயிருச்சு. ஈரோட்டுக்காரரு நேத்தும் போன் பண்ணுனாரு. நீ பெல்ட்டோட வா, இல்லாட்டி அந்த மாலையத் திருப்பிக் குடு," என்றாள்.

அடுத்த கூட்டத்துக்குப் பாவாயி முதல் ஆளாக வந்தாள். சதீஷ்குமாரின் மேஜையைத் தனியாளாக இழுத்துக் கிழக்குச் சுவரில் ஒட்டிப் போட்டாள். நல்ல நாள்தானா என்று சுப்பையனிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கூட்டம் தொடங்கியதும் யாரையும் வாய் திறக்க விடாமல், "பெல்ட்டு வாங்கோணும், பெல்ட்டு வாங்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டைமர் அசையவில்லை. தொண்டை வறண்டது. குரல் கம்மியது. கண்ணில் நீர் கட்டியது. அவள் நிறுத்தியபாடில்லை. பார்த்துக்கொண்டிருந்த அர்த்தனாரிக்கு மனசு கேட்கவில்லை. இளகிய மனிதர்.

"போதும் சாமி. கொஞ்சம் தண்ணியக் குடி," என்றார்.

'ட்ச்... ட்ச்... ட்ச்...'

எல்லோரும் தட்டினார்கள்.

"கெழக்கு!" என்றார் சுப்பையன் பரவசமாக. "இப்பிடியொரு சொல்லு நான் கேட்டதே இல்லீங்க."

தலைமைக் குழு எழுந்து நின்று ஒரு சொம்புத் தண்ணீரைப் பாவாயிக்குக் கொடுத்தது. அவள் குடித்து முடிக்கும் வரை யாரும் உட்காரவில்லை. சுகுணா, 'நிறைவேற்றப்பட்டது, செயல்படுத்தப்பட்டது' என்று எழுதினாள்.

சதீஷ்குமார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "தீர்மானமும் செயலும் ஒரே நிமிஷத்துல! இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்ததே இல்லை!" என்று கூவியபடி அங்கேயே நின்று போனில் மையத்துக்குத் தகவல் சொன்னார்.

மையம் பாவாயி தண்ணீர் குடித்ததை விரிவாகப் பரிசீலித்து, பனிமலை நிறுவனத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த தலைமைக் குழுக் கூட்டத்துக்கான விருதை அறிவித்தது.

விருது விழா ஒரு வெள்ளிக்கிழமை. தை பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. குடோனில் தோரணம் கட்டினார்கள். ஓடாத சாமை மெஷினைப் பார்வைக்கு அழகாக இல்லையென்று சீரியல் பல்பு போட்டு மூடினார்கள். மையத்தின் மண்டல இயக்குநர் அருணாசலம் தலைமை தாங்கினார். டைமரை அன்றைக்கு அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார் சதீஷ்குமார். மண்டல இயக்குநர் பேசும்போது நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல எந்தக் கருவிக்கும் அதிகாரம் இல்லை.

"அன்பர்களே," என்று அருணாசலம் தொடங்கினார். "நான் காலை ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தால் இரவு வரை எழுந்திருப்பதில்லை. இத்தனை ஆண்டு சேவையில் ஒரே ஒரு வேலைகூடச் செய்ய எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அப்படி உழைத்திருக்கிறேன்!"

கைதட்டினார்கள்.

"உங்கள் தீர்மானங்களைப் பார்த்தேன். என்ன தீர்மானம் என்று பார்க்கவில்லை, அதெல்லாம் கீழ்மட்டத்து விவரம். எத்தனை என்று பார்த்தேன். மெய்சிலிர்த்துவிட்டது! சிலர் என்னைக் கேட்கிறார்கள், மலையில் மெஷின் ஓடுகிறதா என்று. மெஷினை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், நண்பர்களே. கூட்டத்தை ஓட்டுவதற்குத்தான் தலைமை வேண்டும்!"

பாவாயி சீரியல் பல்புக்குள் இருந்த மெஷினைப் பார்த்தாள். அது பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. வாசல் ஓரத்தில் நின்ற கண்ணாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அருணாசலம் உச்சஸ்தாயிக்குப் போனார். "இதே வேகத்தில் போனால் ஒரு நாள் வரும். உறுதியாகச் சொல்கிறேன். பனிமலை நிறுவனத்துக்கு இனி கூட்டமே தேவையில்லை!"

'ட்ச்... ட்ச்... ட்ச்...'

சதீஷ்குமார் பதறிப் பையைத் தடவினார். டைமர் செத்துக் கிடந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கிழக்குச் சுவரில், தோரணத்துக்குப் பக்கத்தில், வாலை லேசாக மடக்கிக்கொண்டு ஒரு பல்லி. மெஷினும் இல்லை, மின்சாரமும் இல்லை. அசல் பல்லி.

சுப்பையன் பெஞ்சைத் தட்டினார். அர்த்தனாரி தட்டினார். ராசப்பன் தட்டினார். குடோன் முழுக்கத் தட்டியது. இது மலைநாட்டுப் பாராட்டு முறை போலும் என்று நினைத்து அருணாசலமும் மைக்கின் தலையில் மூன்று தரம் தட்டினார். வெளியில் இருந்த நாய்கள் குரைத்தன.

"கெழக்கு. வெள்ளிக்கிழம. நம்மூருப் பல்லி," என்றார் சுப்பையன் தழுதழுத்த குரலில். "இதுக்கு மேல ஒரு வாக்கு இல்லீங்க."

"எழுது கண்ணு," என்றார் அர்த்தனாரி.

சுகுணா எழுதினாள்: இந்நிறுவனத்துக்கு இனி கூட்டம் தேவையில்லை. இயக்குநர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் தன் முன்னால் எதை வைத்தாலும் படிக்காமல் கையெழுத்திடுவது அருணாசலத்தின் பல வருஷப் பழக்கம். அவரும் பச்சை மையில் போட்டு, கேடயத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று மலை இறங்கினார்.

கூட்டம் கலைந்த குடோனில் பாவாயி மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், முடிந்தது. இனி எந்தக் காலத்திலும் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லாவிட்டால் பெல்ட் இல்லை. ஈரோட்டுக்காரர் இல்லை. கண்ணாயி முகத்தில் எப்படி விழிப்பது? அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பல்பு வெளிச்சத்தில் அவள் கண்ணீரும் பச்சையும் சிவப்புமாக மாறி மாறித் தெரிந்தது.

"ஏஞ்சாமி அழுவற? கேடயம் வாங்கிருக்கறம்," என்றார் அர்த்தனாரி.

"கூட்டமே இல்லீன்னா பெல்ட்டு வாங்க யாருங்க மாமா ஒத்துக்குவாங்க?"

அர்த்தனாரி யோசித்தார். "யாரும் ஒத்துக்க முடியாது."

சுகுணா பேனாவை மூடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். "யாரும் வேண்டாம்னு சொல்லவும் முடியாதுங்களே," என்றாள்.

அர்த்தனாரி ராசப்பனைப் பார்த்தார். ராசப்பன் கேடயத்தைப் பார்த்தார்.

"வாங்கப்படாதுன்னு ஒரு தீர்மானம் போட்டிருக்கறமே?" என்றார் அர்த்தனாரி தயங்கி.

"அது சீமைப் பல்லி சொன்னது," என்றார் சுப்பையன். "நம்மூருப் பல்லி சொன்னதுக்கு முன்னால அது நிக்குமுங்களா?"

"மிசினத் திருப்பி எடுத்துக்குவாங்களே?"

"எடுக்கோணும்னா நம்ம தலைமைக் குழுவக் கூட்டித்தான் சொல்லோணும்," என்றாள் சுகுணா. "கூட்டம் வேண்டாம்னு அவுங்க இயக்குநரே பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்காரு."

கடைசி வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. "அப்ப நான் போய்ட்டு வாரேனுங்க," என்று சொல்லி ஓடினாள். வாசலில் நின்ற கண்ணாயி அவளுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள், பஸ்ஸை நிறுத்த இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

மறுநாள் பொழுது புலர்வதற்குள் பெல்ட் மாட்டியாகிவிட்டது. சீரியல் பல்பை அவிழ்க்க நேரமில்லை, அதோடேயே மெஷின் ஓடியது. உமி பறந்து எல்லோர் தலையும் நரைத்தது. அரிசி விழுகிற இடத்தில் விரிக்கத் துணி பற்றாமல், கண்ணாயி சுவரிலிருந்து அந்தச் சார்ட்டைக் கிழித்துக்கொண்டுவந்து போட்டாள். சாமையரிசி 'பெல்ட்' என்ற எழுத்தின் மேல் கொட்டியது. கொட்டிக் கொட்டி, ராசப்பனின் மருமகன் பெயரையும் மூடியது. மூட்டை தூக்க வந்திருந்தவனும் அந்த மருமகன்தான். ராசப்பன் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார், ஆனால் திட்டவில்லை.

தை பிறப்பதற்கு முதல் நாள் கடைசி மூட்டை ஈரோட்டுக்கு லாரி ஏறியது. ஈரோட்டுக்காரர் அடுத்த லோடும் வேண்டும் என்றார்.

சதீஷ்குமார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் எந்த நிலைமையிலிருந்தும் கற்றுக்கொள்கிற மனிதர். 'கூட்டமின்மை: கொல்லிமலை மாதிரி' என்று நீண்ட அறிக்கை எழுதினார். மையம் அதை மிகவும் ரசித்தது. கூட்டமே இல்லாமல் நிறுவனங்களை நடத்துவது எப்படி என்று விவாதிக்க மூன்று நாள் மாநாடு ஏற்பாடானது. முதல் நாள் பேச பாவாயியை அழைக்க அவரே போன் செய்தார்.

பாவாயி மெஷின் வாயில் சாமையைக் கொட்டிக்கொண்டே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இப்போது அந்தத் தோள் வலிக்கவில்லை.

"மேடம், நீங்க கட்டாயம் வரணும்! தொடக்கக் கூட்டம், குழுக் கூட்டம், நிறைவுக் கூட்டம்..."

"ஏனுங்க? சத்தமாச் சொல்லுங்க!"

"கூட்டம்! கூட்டம்!"

"ஒண்ணும் கேக்கலீங்க சார்! மிசின் ஓடுதுங்க!"

மேலே விட்டத்தில் ஒரு பல்லி வாயைத் திறந்து மூடியது. ஏதாவது சொன்னதா, வெறுமனே கொட்டாவி விட்டதா என்று சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெஞ்சைத் தட்டக் கை ஒழியவில்லை. எல்லோர் கையிலும் சாமை இருந்தது.